மோட்டார் ஏன் எரிந்தது?

பொறியியல் கலந்தாய்வில் எல்லோர் கண்ணும் கம்ப்யூட்டர் பிரிவின்மேல் இருக்க, ஓரமாய் நிற்கிறது ட்ரிபிள் ஈ என்கிற மின், மின்னணுப் பொறியியல். மின்சாரம் உண்டாகும் விதமும் ஓடும் விதமும் தலைகீழாக மாறிவரும் நேரத்தில் இந்தப் படிப்பு எதைச் சொல்லித் தருகிறது, எதைச் சொல்லித் தராமல் விடுகிறது?

கொங்கு நாட்டில் ஓரளவு பெரிய கடைவீதி எதுவானாலும் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கும். வாசலில் கழற்றிப்போட்ட மோட்டார் கூடுகள், உள்ளே வார்னிஷ் வாடை, ஆணியில் தொங்கும் செம்புக் கம்பிச் சுருள்கள். டி.வி.எஸ். ஃபிப்டியின் முன்பக்கம் மோட்டாரை வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, ஒரு விவசாயி வந்து இறங்குகிறார்.

“ராத்திரி நல்லாத்தானுங்க ஓடுச்சு. காலையில போய்ப் பாத்தா தீஞ்ச வாடை.”

கடைக்காரர் மூடியைக் கழற்றுகிறார். உள்ளே மூன்று ஃபேஸுக்கும் மூன்று தொகுதிக் கம்பி. அதில் ஒன்று மட்டும் கருகிக் கிடக்கிறது; மற்ற இரண்டும் நிறம்கூட மாறவில்லை. “ஒரு ஃபேஸ் வரலீங்க. தெரியாம ஓட விட்டுட்டீங்க. டெல்டா கனெக்சன், அதான் ஒரு செட்டு மட்டும் போயிருக்கு. ஸ்டார்ல இருந்தா ரெண்டு செட்டு கருகி, ஒண்ணு தப்பிச்சிருக்கும்” என்கிறார். பார்த்த ஐந்தாவது நொடியில் தீர்ப்பு.

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஏன் அப்படி என்று கேட்டால், “எங்க மேஸ்திரி சொல்லிக் கொடுத்ததுங்க” என்பார். அதே கேள்வியை மின் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். ஸ்டார் இணைப்பில் ஒரு வழி அறுந்தால் மீதி இரண்டு சுருள்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து முழுச் சுமையைத் தாங்கும், மூன்றாவது சும்மா இருக்கும்; டெல்டாவில் ஒரு சுருள் நேராக மாட்டிக்கொள்ளும், மற்ற இரண்டும் தமக்குள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று படம் போட்டே காட்டுவார். சுமையோடு ஓடும் மோட்டார் அப்போது ஏறத்தாழ 1.7 மடங்கு கரண்ட்டை இழுக்கும் என்று கணக்கும் போடுவார். ஆனால் கருகிய காயிலை அவர் கண்ணால் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஒருவருக்குக் கை தெரியும், இன்னொருவருக்குக் கணக்கு தெரியும். இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்ப்பதற்குத்தான் நான்கு வருடப் படிப்பு. சேர்க்கிறோமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

மின்சாரத்துக்குக் கிட்டங்கி கிடையாது

நெல்லைக் குதிரில் கொட்டலாம். தண்ணீரை ஏரியில் தேக்கலாம். மின்சாரம் அப்படி அடங்காது. உண்டான நொடியிலேயே யாராவது செலவழித்தாக வேண்டும். பேட்டரிகள் உண்டு; கடம்பாறையில் இருப்பதுபோல், மிச்ச மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மலைமேல் ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையமும் உண்டு. ஆனாலும் ஒரு நாட்டின் தேவைக்கு முன்னால் இவை கைப்பிடி அளவுதான்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டால், அந்தக் கணமே எங்கோ ஒரு ஜெனரேட்டர் கூடுதலாய் மூச்சு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் சுழற்சி தளரும். நம் மின்சாரத்தின் துடிப்பு நொடிக்கு 50. இரட்டைத் துருவ ஜெனரேட்டர் என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்று. நெய்வேலியோ கூடங்குளமோ, ஒரே தொகுப்பில் இணைந்த எல்லா ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில்தான் சுழன்றாக வேண்டும். கும்மியடிக்கும் வட்டத்தில் ஒருத்தி தாளம் தப்பினால் அடுத்தவள் கையில் இடிப்பதுபோல, ஒன்று பிசகினால் பக்கத்தில் இருப்பதும் ஆட்டம் காணும்.

அந்த ஆட்டத்தை நாடே பார்த்தது 2012 ஜூலை 30, 31 தேதிகளில். முதல் நாள் வடக்குத் தொகுப்பு விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழ, ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது. தெற்கு தப்பியது. காரணம், அப்போது தென்மாநிலத் தொகுப்பு மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. நேர்மின்னோட்ட இணைப்புகள் மூலமே கொடுக்கல் வாங்கல் நடந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் வழி திறந்த பிறகுதான் குமரி முதல் காஷ்மீர் வரை ஒரே தாளம். கூடி நின்றால் பலம், ஒன்று சரிந்தால் எல்லோருக்கும் அபாயம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பதுதான் ‘பவர் சிஸ்டம்’ என்ற பாடம்.

ட்ரிபிள் ஈ என்பதில் முதல் பாதி இந்தப் பெரிய மின்சாரம். இரண்டாம் பாதியான எலக்ட்ரானிக்ஸ், அதை அடக்கி ஆளும் சின்ன மின்சாரம். முன்பு இரண்டும் தனித்தனி வீடு. இன்று மின்சார ஸ்கூட்டரின் கன்ட்ரோலர் பெட்டியில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகின்றன.

பைக்காரா போட்ட விதை

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. அங்கே மின் பொறியியல் படிப்பு வந்தது 1930-இல். அடுத்தடுத்த வருடங்களைப் பாருங்கள்: 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்குகிறது. 1934-இல் மேட்டூர் அணை முடிகிறது. 1937-இல் அங்கேயும் மின்னுற்பத்தி. 1944-இல் பாபநாசம். மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வரும் காலத்தில், அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

பைக்காரா மின்சாரம் கோவையைத் தொட்டதும் ஊரின் முகம் மாறியது. பஞ்சாலைகள் பெருகின, கிணற்று மேட்டில் ஏற்றத்தின் இடத்தில் பம்பு செட்டு உட்கார்ந்தது. மோட்டாரை வெளிநாட்டிலிருந்தே எத்தனை நாள் வாங்குவது? 1937-இல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் முயற்சியில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட மோட்டார் கோவையில் வெளிவந்தது. தொழில் வந்தபின் கல்லூரிகள் வந்தன: இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று வழங்கும் கல்லூரி 1945-இல், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல், சி.ஐ.டி. 1956-இல். கை முந்தியது, கணக்கு பின்னால் வந்தது. காயில் கடை அண்ணனும் கல்லூரிப் பேராசிரியரும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்தாம்.

அந்தக் கிண்டிக் கல்லூரியில்தான் இன்னொரு கதவும் திறந்தது. சென்னையைச் சேர்ந்த லலிதா 15 வயதில் மணமானவர். 18 வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். அன்றைய வழக்கப்படி அவருக்கென்று விதிக்கப்பட்ட வாழ்க்கை வேறு. அவரோ பொறியியல் படிக்கிறேன் என்றார். தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், இடம் கிடைத்தது. 1943-இல் லலிதா பட்டம் பெற்றபோது, இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் ஆனார். சான்றிதழ்கள் ‘அவன்’ என்றே அச்சாகியிருந்ததால், அந்தச் சொல்லை அடித்து ‘அவள்’ என்று எழுத வேண்டியிருந்தது.

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, பிறகு கல்கத்தாவில் ஏ.இ.ஐ. நிறுவனத்தில் மின்கடத்திப் பாதைகள், துணை மின் நிலையங்கள் வடிவமைக்கும் பணி. பக்ரா நங்கல் திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்கும் போய் வந்தார். “எலக்ட்ரிக்கல் பொம்பளப் புள்ளைக்குச் சரிப்படுமா?” என்று இன்றும் கேட்கிற உறவினர்களுக்கு, 80 வருடம் முந்தைய பதில் இது.

‘ஐ’ ஏன் ‘ஜே’ ஆனது?

பிளஸ் டூவில் கலப்பெண்கள் படித்தவர்கள், “மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?” என்று மனசுக்குள்ளாவது கேட்டிருப்பார்கள். பதில் சர்க்யூட் தியரி வகுப்பில் கிடைக்கும். மாறுமின்னோட்டத்தில் மின்னழுத்தமும் கரண்ட்டும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. மின்தூண்டியில் கரண்ட் பின்தங்கும், மின்தேக்கியில் முந்தும். இந்த முன்பின் விளையாட்டைச் சைன், கொசைன் வைத்து எழுதினால் பக்கம் பக்கமாக நீளும். கலப்பெண்ணில் எழுதினால் நாலு வரியில் முடியும் என்று சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1893-இல் சிகாகோ மாநாட்டில் காட்டினார். கணக்குப் புத்தகத்தின் ‘ஐ’ இங்கே ‘ஜே’ ஆகிவிடும். ‘ஐ’ என்ற எழுத்தைக் கரண்ட் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது.

தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைக்கு முதல் பருவம் இரட்டைச் சுமை. மின்மாற்றி ‘டிரான்ஸ்ஃபார்மர்’ ஆகும், மின்தேக்கி ‘கெபாசிட்டர்’ ஆகும். விஷயம் தெரியும், வார்த்தை வராது. முதல் வரிசையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார். இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போர்டில் எழுதிப்போட ஓர் ஆசிரியருக்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடம் கிடைத்தவர்கள் அரியர் இல்லாமல் தேறுகிறார்கள்.

விவசாயியின் தந்திரம் ஒன்றும் சர்க்யூட் தியரிப் பாடத்தில் அடக்கம். மும்முனை மின்சாரம் வராத நேரத்தில், இரண்டு ஃபேஸை வைத்துக் ‘கன்டென்சர்’ என்கிற மின்தேக்கியைப் போட்டு மோட்டாரை ஓட்டுவார்கள். கன்டென்சர் கரண்ட்டை முந்தச் செய்து, இல்லாத மூன்றாவது ஃபேஸுக்கு ஒரு போலியை உண்டாக்குகிறது. மோட்டார் ஏமாந்து சுற்றும். ஆனால் அந்தப் போலி எல்லாச் சுமைக்கும் பொருந்தாது. காயில் சூடாகிக்கொண்டே வரும். கடைசியில் டி.வி.எஸ். ஃபிப்டியில் ஏறும்.

ஃபீல்டு மினிமம், ஆர்மச்சூர் மேக்ஸிமம்

ட்ரிபிள் ஈ படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மந்திரத்தைச் சொல்வார்கள். டி.சி. ஷன்ட் மோட்டாரைக் கிளப்பும் முன் ஃபீல்டு ரியோஸ்டாட் மினிமத்தில் இருக்க வேண்டும், ஆர்மச்சூர் ரியோஸ்டாட் மேக்ஸிமத்தில் இருக்க வேண்டும். வைவாவில் முதல் கேள்வி: ஏன்?

ஓடும்போது உள்ளே உண்டாகிக் கரண்ட்டை மட்டுப்படுத்தும் எதிர்மின்னழுத்தம், நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்குக் கிடையாது. ஆர்மச்சூரின் மின்தடை ஓர் ஓம் என்று வைத்துக்கொண்டால், 220 வோல்ட்டை நேராகக் கொடுத்த மாத்திரத்தில் 220 ஆம்பியர் பாயும். அந்த மோட்டார் தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆகவே மின்தடையைச் சேர்த்து அணைபோட்டு, ஓட ஓடத் திறக்க வேண்டும். ஃபீல்டு கதை இதற்கு நேர் எதிர். அங்கே காந்தம் பலவீனமானால் மோட்டார் மெதுவாகும் என்றுதான் மனசு சொல்லும். வேகம் கூடும் என்பதே நிஜம். ஓடும்போது ஃபீல்டு கம்பி கழன்றுவிட்டால் மோட்டார் வெறிபிடித்தாற்போல் வேகமெடுக்கும்; நிறுத்தாவிட்டால் தானே சிதறும்.

இதைப் புத்தகத்தில் படிப்பது ஒரு வரி. மெஷின் லேபில், தரை அதிர, பிரஷ்ஷில் நீலப்பொறி பறக்க, பிரேக் டிரம்மில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்க, டேக்கோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று படிப்பது வேறு. கையில் நடுக்கம் இருக்கும். அந்தப் பயம்தான் இந்தத் தொழிலின் முதல் பாடம். லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன் மின்சாரம் நின்றுவிட்டதா என்று சோதித்து, கம்பியை எர்த் செய்துவிட்டு ஏறுகிறாரே, அதே மரியாதை.

ஆனால் நடப்பு என்ன? ஒரு மெஷினைச் சுற்றிப் பத்துப் பேர். இரண்டு பேர் ஒயரிங் செய்வார்கள், ஒருவர் ரீடிங் சொல்வார், மீதிப் பேர் எழுதுவார்கள். அதுவும் முடியாத நாளில் சீனியரின் அப்சர்வேஷன் நோட்டிலிருந்து ‘ரீடிங்’ வந்து சேரும். ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கத்தில் பென்சிலால் சர்க்யூட், வலப்பக்கத்தில் அட்டவணை, கீழே கையெழுத்து. தொழிற்சாலையைக் காட்டுவதற்கென்று இருக்கும் ‘ஐ.வி.’ பல இடங்களில் ஊட்டி, கொடைக்கானல் சுற்றுலாவாக முடிகிறது. நான்கு வருடத்தில் ஒரு துணை மின் நிலையத்தின் வேலிக்குள் கால் வைக்காமலே பட்டம் வாங்கிவிடலாம்.

யார் குற்றம்?

“எலக்ட்ரிக்கல் படிச்சா கம்பத்துல ஏறணுமா?” என்று பெரியப்பா கேட்கிறார். கேலியை ஒதுக்கிவிட்டாலும் அவர் கவலை நியாயமானது. 200-க்குக் கட்-ஆஃப் எடுத்து வரும் பிள்ளையின் வீட்டில் கணக்குப் போடாமல் இருப்பார்களா? ஐ.டி. நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து கூட்டமாக ஆள் எடுக்கும். பேனல் போர்டு செய்யும் கம்பெனியோ மோட்டார் தொழிற்சாலையோ நாலு பேரை எடுக்கும். தொடக்கச் சம்பளமும் குறைவு. மின்வாரிய உதவிப் பொறியாளர் தேர்வுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. பவர் கிரிட், என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்குக் கேட் தேர்வு என்ற குறுகிய வாசல். ஆகவே மாணவர்கள் கம்ப்யூட்டர் பக்கம் போகிறார்கள். கல்லூரிகள் பலவும் ட்ரிபிள் ஈ இடங்களைக் குறைத்து அந்தப் பக்கம் கூட்டுகின்றன. இடம் குறைந்தால் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் லேப் தூங்கும், லேப் தூங்கினால் அடுத்த வருடம் இன்னும் சிலர் வர மாட்டார்கள்.

வெளியே நடப்பதோ வேறு. தமிழ்நாட்டில் காற்றாலைகள் முப்பந்தல் தொடங்கி மேற்கு மலையடிவாரம் முழுக்க நிற்கின்றன. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் வந்தது. காற்றும் வெயிலும் நாம் கேட்கும் நேரத்தில் வராது. கனத்த சுழற்சியோடு தாளத்தைப் பிடித்துவைக்கும் பழைய ஜெனரேட்டர்களின் குணமும் சோலார் பலகைக்குக் கிடையாது. ஐம்பதை ஐம்பதாகவே வைத்திருக்கும் வேலை வருடத்துக்கு வருடம் கடினமாகிறது.

1890-களில் ஏ.சி.யிடம் தோற்றதாகப் பாடம் சொல்லும் டி.சி. திரும்பி வந்துவிட்டது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரைக்கும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட வழி, 6,000 மெகாவாட் சுமக்கும் திறனோடு நிற்கிறது. வடக்கிலிருந்து மின்சாரம் வரவும், இங்கே காற்று அதிகம் அடிக்கும் நாளில் அங்கே போகவும் அதே பாதை. ஏ.சி.யை டி.சி.யாகவும் டி.சி.யை ஏ.சி.யாகவும் அங்கே மாற்றுவது பவர் எலக்ட்ரானிக்ஸ். அதே பாடம்தான் சின்ன உருவத்தில் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டரில் இருக்கிறது; மின்விசிறியை 75 வாட்டிலிருந்து 30 வாட்டுக்குள் இறக்கிய பி.எல்.டி.சி. மோட்டாரிலும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று எல்லோரும் ஓடிப் போய் நிற்கும் டேட்டா சென்டர் வாசலிலும் முதல் கேள்வி, “எத்தனை மெகாவாட் கிடைக்கும்?” என்பதே.

இதனால் நாளைக்கே எல்லோருக்கும் வேலை காத்திருக்கிறது என்று சொல்லவில்லை. வேலை இருப்பது, கணக்கும் கையும் சேர்ந்தவர்களுக்கு. இன்வெர்ட்டர் சர்க்யூட்டை வரையவும் வேண்டும், அது வெடித்தால் எந்தப் பாகம் முதலில் போனது என்று மோந்து பார்த்துச் சொல்லவும் வேண்டும். பட்டம் மட்டும் வைத்திருப்பவர் ஐ.டி. வரிசையில் போய் நிற்பதற்கு ட்ரிபிள் ஈ அவசியமில்லை.

சேரும் முன்

பிள்ளைக்கு இந்தப் பிரிவில் ஆசை என்றால், கல்லூரியின் முகப்புக் கட்டடத்தையும் பிளேஸ்மென்ட் பேனரையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேராக மெஷின் லேபுக்குப் போங்கள். மெஷின்மேல் தூசி படிந்திருக்கிறதா, பிரஷ் தேய்ந்த கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்; கரி நல்ல அடையாளம். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கைந்து பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். அனுபவமுள்ள லேப் டெக்னீசியன் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பல துறைகளில் கை தெரிந்த கடைசி மனிதர் அவர்தான். போன வருடம் மாணவர்களை எந்தத் துணை மின் நிலையத்துக்கு, எந்தத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்கள் என்று கேளுங்கள். ‘சிமுலேஷன் இருக்கிறதே’ என்று பதில் வரும். சிமுலேஷன் வேண்டியதுதான். அதில் காயில் கருகாது.

சேர்ந்துவிட்ட மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருட விடுமுறையில் பதினைந்து நாள், ஊரில் இருக்கிற காயில் கட்டும் கடையில் போய் உட்காருங்கள். சம்பளம் கேட்காதீர்கள், டீ வாங்கிக் கொடுங்கள். கடைக்காரர் ‘ஒரு ஃபேஸ் போச்சு’ என்று சொல்லும்போது ஏன் என்று உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள். புரிந்ததை அவருக்கும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு: சாய்ஸ் ஃபில்லிங் தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மெஷின் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி இல்லை என்றால், அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.